பின்னால் இருந்து காலம் காத்தவர்



நாம் வந்து சேர்ந்த இந்தப் பிரித்தானிய நாட்டில் அயலவர் கதைக்கும் விடயங்களை எமது குடும்பங்களும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இப்பத்தியின் நோக்கம். பாடசாலை அனுமதி, வீட்டு வாடகை போன்ற காரியங்களை எழுதும் இடத்தில், இடைக்கிடை இந்நாட்டாரின் பாட்டையும் விளையாட்டையும் எழுதுவது எமது வழக்கம். இம்முறை ஒரு பகிடியைப் பற்றி எழுதுகிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் உலகப் புகழ் பெற்ற ஒரு பாட்டுக் குழுவில் மேளம் அடித்தவரைப் பற்றிய பகிடி அது.

உங்கள் வீட்டில் ஆரம்பப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், மஞ்சள் நிற நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய ஆங்கிலப் பாட்டொன்றை எப்போதாவது முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கும். 1966இல் வெளிவந்த அந்தப் பாட்டைப் பாடியவர் பீற்றில்ஸ் குழுவின் ட்றம் வாத்தியக்காரர் றிங்கோ ஸ்ரார். முகம் உள்ள புகையிரத இயந்திரங்கள் கதை பேசும் ‘தோமஸ்’ தொலைக்காட்சித் தொடரும் பல பிள்ளைகளுக்குத் தெரியும். 1984இல் அது தொடங்கியபோது முதல் இரண்டு வரிசைகளுக்கும் இந்நாட்டில் கதை சொன்ன குரல் இவருடையதுதான். எனவே, இந்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு பீற்றில்ஸ் நால்வரில் முதலில் அறிமுகமாகும் குரல் இவருடையது. பெரியவர்களின் மதிப்பில் கடைசியாக நிற்பவரும் இவரே. இது எப்படி நேர்ந்தது, இது நியாயமா என்பதுதான் எமது கேள்வி.

முதலில் பகிடியைச் சொல்லிவிடுகிறோம். “உலகத்திலேயே திறமான ட்றம் வாத்தியக்காரர் றிங்கோதானா?” என்று ஜோன் லெனனிடம் யாரோ கேட்டார்களாம். “பீற்றில்ஸ் குழுவுக்குள்ளேயே அவர் திறமான ஆள் இல்லை” என்று லெனன் மறுமொழி சொன்னாராம். வேலைத்தலத்தில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பீற்றில்ஸ் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் லெனன் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பீற்றில்ஸ் வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவரும் மார்க் லூயிசன் இதைத் தேடிப் பார்த்தார். 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய நகைச்சுவை நிகழ்ச்சிகளில் சொல்லப்பட்ட பகிடி இது என்று தெரியவந்தது. 1983இல் ஜாஸ்பர் கரற் என்ற நகைச்சுவையாளர் தொலைக்காட்சியில் இதைச் சொல்லியிருக்கிறார். லெனன் நியூயோர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டது 1980 டிசம்பர் 8ஆம் திகதி. இறந்தவர் வாயில் பிறகு வைக்கப்பட்ட பேச்சு அது. உண்மையில் லெனன் தமது கடைசி ஆண்டில் கொடுத்த நீண்ட செவ்வியொன்றில் றிங்கோவைத் திறமான ட்றம் வாத்தியக்காரர் என்றே பாராட்டியிருக்கிறார். பாராட்டை யாரும் நினைவில் வைக்கவில்லை. சொல்லாத பகிடிதான் நிலைத்தது.

சரி, பகிடி பொய் என்பதால் மட்டும் ஒருவர் திறமைசாலி ஆகிவிட மாட்டார். ஆளையும் அவர் வேலையையும் பார்ப்போம்.

இவரது இயற்பெயர் றிச்சார்ட் ஸ்ராக்கி. 1940 யூலை 7ஆம் திகதி லிவர்பூல் நகரின் டிங்கிள் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையார் பிரிந்து போய்விட, தாயார் கிடைத்த வேலைகளைச் செய்து வளர்த்தார். ஆறு வயதில் குடல்வால் அழற்சி முற்றி, வயிற்றுக்குள் நஞ்சாகி, நினைவிழந்து கிடந்தார். ஏறத்தாழ ஒரு வருடம் ஆஸ்பத்திரி வாசம். எட்டு வயதிலும் எழுத வாசிக்கத் தெரியாமல் இருந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பதின்மூன்று வயதில் சயரோகம். மறுபடியும் இரண்டு வருடங்கள் ஆஸ்பத்திரி. படிப்பு அத்தோடு நின்றது.

அந்த இரண்டாவது ஆஸ்பத்திரியில்தான் மேளம் அவர் கைக்கு வந்தது. நோயாளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக வாத்தியங்கள் கொடுத்து ஒரு சின்னக் குழு நடத்தினார்கள். அதற்குப் பிறகு கட்டிலருகே இருந்த அலுமாரியிலும் தட்டத் தொடங்கியவர், வேறு வாத்தியம் எதையும் விரும்பவில்லை. வெளியே வந்து புகையிரதப் பகுதியில் ஏவலாளாகவும், படகொன்றில் பரிசாரகராகவும், பின்னர் தொழிற்சாலையொன்றில் பயிலுநராகவும் வேலை செய்தார். 1957 நத்தாருக்கு அவருடைய சிறிய தந்தையார் ஒரு பழைய ட்றம் செற்றை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார். தாயார் மறுமணம் செய்த மனிதர் அவர். அந்தப் பரிசு இல்லையேல் நாம் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

“அதிர்ஷ்டக்காரன், மற்ற மூவர் தோளில் ஏறி வந்தவன்” என்பது இவர் மீது சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1959இல் இவர் றோறி ஸ்ரோம் என்பவரின் குழுவில் சேர்ந்தார். அப்போது லிவர்பூலில் பெயர் பெற்ற குழு அதுதான். 1960இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் இரு குழுக்களும் இரவிரவாக வாசித்தபோது, பீற்றில்ஸ் இளைஞர்கள் கீழே இருந்து அண்ணாந்து பார்த்த ஆட்களில் றிங்கோவும் ஒருவர். 1962 ஓகஸ்டில் தங்கள் ட்றம் வாத்தியக்காரர் பீற் பெஸ்ற்றை நீக்கிவிட்டு இவரை அழைத்தார்கள். பெஸ்ற்றை நீக்கிய விதம் நேர்மையானது என்று நாம் சொல்ல மாட்டோம். முகாமையாளரை விட்டுச் சொல்லச் சொல்லி, மூவரும் முகம் கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் அது றிங்கோவின் பிழை அல்ல. அவர்கள் தேடிப் போய் எடுத்தது தெருவில் நின்ற ஒருவரை அல்ல. தங்களை விட அனுபவம் கூடிய ஒரு தொழில்காரரை.

வந்து சேர்ந்தவருக்கு உடனேயே ஓர் அவமானம் காத்திருந்தது. 1962 செப்டெம்பர் 4ஆம் திகதி ‘லவ் மீ டூ’ என்ற பாடல் இவர் மேளத்தோடு ஒலிப்பதிவானது. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினுக்குத் திருப்தி இல்லை. செப்டெம்பர் 11ஆம் திகதி போனபோது, அன்டி வைற் என்ற கூலி வாத்தியக்காரர் மேளத்துக்குப் பின்னால் இருந்தார். றிங்கோவின் கையில் சலங்கைத் தட்டு ஒன்றைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். புதிய வேலையில் முதல் மாதத்திலேயே “உன்னால் முடியாது” என்று இன்னொருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தினால் எப்படி இருக்கும் என்பது எம்மவர் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காயம் பல வருடங்கள் ஆறவில்லை என்று றிங்கோ சொல்லியிருக்கிறார். ஜோர்ஜ் மாட்டின் பின்னாளில் அதற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். 1963 பெப்ரவரி 11ஆம் திகதி, குழுவின் முதல் இசைத்தட்டுக்காக ஒரே நாளில் பத்துப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள். அன்று முழுக்க மேளம் அடித்தவர் றிங்கோ.

இனி வேலையைப் பார்ப்போம். இங்கேதான் எம்மவருக்கு ஒரு வசதி உண்டு. கர்நாடக இசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பக்கவாத்தியம் என்றால் என்ன என்று தெரியும். தனி ஆவர்த்தனத்தில் மழை பொழிவது போல் வாசிக்கும் மிருதங்கக்காரர் எல்லோரும் பாட்டுக்கு நன்றாக வாசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. பாடுபவர் மூச்சு எடுக்கும் இடம் அறிந்து, சொல் விழும் இடத்தில் ஒதுங்கி, காலப்பிரமாணம் ஓடாமலும் இழுபடாமலும் காப்பது வேறொரு வித்தை. அதை நன்றாகச் செய்தால் கேட்பவர் கவனிக்க மாட்டார். பாட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். றிங்கோ இந்த இரண்டாவது வித்தைக்காரர்.

காலப்பிரமாணத்தைப் பற்றிச் சொன்னோம். பிற்காலத்தில் ஒலிப்பதிவின்போது காதுக்குள் ‘டிக் டிக்’ என்று எண்ணிக் கொடுக்கும் கருவி வழக்கத்துக்கு வந்தது. பீற்றில்ஸ் காலத்தில் அந்தத் துணை இல்லை. ஒரே பாடலைப் பத்து, இருபது தடவை வாசிப்பார்கள். நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டுவார்கள். ஒரு தடவை வேகம் கூடி, இன்னொரு தடவை குறைந்தால் ஒட்டு வெளியே தெரியும். மேளக்காரரின் கை நிதானமாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். ஒலிப்பதிவு நாடாக்களைக் கேட்டு 1988இல் நூல் எழுதிய மார்க் லூயிசன் ஒரு கணக்குச் சொல்கிறார்: எட்டு ஆண்டு ஒலிப்பதிவு வாழ்க்கையில், றிங்கோவின் பிழையால் வாசிப்பு குழம்பி நின்ற தடவைகள் ஒரு டசினுக்கும் குறைவு. இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களில் இது. மற்ற மூவரின் பிழையால் நின்ற தடவைகள் இதைவிட மிக அதிகம்.

அடுத்தது அவரது கை. றிங்கோ பிறவியில் இடக்கையர். இடக்கைப் பழக்கம் கெட்ட சகுனம் என்று பயந்த பாட்டியார் தம்மை வலக்கையால் எழுதப் பழக்கினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கதை எம் வீடுகளுக்கும் புதிதல்ல. ஆனால் மேளத்தில் இடக்கைப் பழக்கம் போகவில்லை. வலக்கையருக்காக அடுக்கி வைத்த ட்றம் செற்றில் இருந்துகொண்டு, இடக்கையை முன்னுக்கு விட்டு அடிப்பார். வலக்கையர் ஒருவர் சின்ன மேளத்திலிருந்து பெரிய மேளத்துக்குச் சுலபமாக உருட்டிக்கொண்டு போகும் இடத்தில், இவருக்குக் கை சிக்கும். அதனால் ஒரு கணம் பிந்தி, ஒரு இடைவெளி விட்டு, எதிர்பாராத இடத்தில் அடி விழும். குறையாக வந்தது அவருடைய முத்திரையாக மாறியது. வலக்கை வாத்தியக்காரர்கள் அவர் அடிகளைப் பிரதி செய்ய முயன்று தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைத்தொலைபேசியிலோ இறுவட்டிலோ இந்தப் பாடல்களை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். பாடுபவரை விட்டுவிட்டு, மேளத்தை மட்டும் காதால் பின்தொடருங்கள்.

முதலாவது, 1966இல் வெளிவந்த ‘றெயின்’. தாம் வாசித்ததிலேயே சிறந்தது இதுதான் என்று றிங்கோ கருதுகிறார். மேளமும் கிற்றாரும் வேகமாக வாசிக்கப்பட்டு, பிறகு நாடா மெதுவாக ஓடவிடப்பட்டது. அதனால் ஒலி கனத்துக் கிடக்கிறது. அதற்குள்ளே அடிகள் ஒரு நிமிடமும் ஓய்ந்து கிடக்கவில்லை.

இரண்டாவது, அதே ஆண்டின் ‘டுமோறோ நெவர் நோஸ்’. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அடி, மாறாமல், மந்திரம் உச்சரிப்பது போல் வரும். காலால் அடிக்கும் பெரிய மேளத்துக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து ஒலியை அமுக்கினார்கள். மேலே விநோத ஒலிகள் எல்லாம் சுழன்று பறக்கும்போது, கீழே நிலம் அசையாமல் இருக்கிறது. அந்தத் தலைப்பும் றிங்கோவின் வாயிலிருந்து தவறி வந்த சொற்றொடர்தான். 1964இல் வந்த ‘எ ஹாட் டேஸ் நைற்’ என்ற படத்தின் தலைப்பும் அப்படியே. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவரின் பிழைபட்ட ஆங்கிலம், ஆங்கிலேயரே கொண்டாடும் தலைப்புகளாயிற்று என்பதை, ஆங்கிலம் கதைக்கக் கூச்சப்படும் எம் பெற்றோர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, 1967இல் வந்த ‘ஏ டே இன் த லைஃப்’. லெனன் பாடும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஆழ்ந்த ஒலியில் மேளம் மறுமொழி சொல்கிறது. ஒருவர் துக்கச் செய்தி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் “உம்” கொட்டுவது போல. இந்த அடிகள் எளிதில் வாசிக்கத்தக்கவை அல்ல என்று, தாமும் பெரிய ட்றம் வாத்தியக்காரரான பில் கொலின்ஸ் சொல்லியிருக்கிறார்.

நான்காவது, 1969இல் வந்த ‘கம் டுகெதர்’. மேளங்களின் மேல் தேநீர்க் கோப்பை துடைக்கும் துவாய்களைப் போட்டு ஒலியை மழுக்கி அடித்தது. இடக்கை முத்திரையை இதில் தெளிவாகக் கேட்கலாம். மேளத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டின் முகமே போய்விடும்.

ஐந்தாவது, அதே ஆண்டில் ஜோர்ஜ் ஹரிசன் எழுதிய ‘ஹியர் கம்ஸ் த சன்’. 1966இல் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயின்ற ஹரிசனுக்கு இந்தியத் தாளக் கணக்கில் பிரியம். இப்பாட்டின் நடுவில் நாலின் கணக்கு உடைந்து பதினொன்றும் ஏழும் கலந்து வரும். கண்டம், மிஸ்ரம் என்று நாம் எண்ணும் பழக்கம் றிங்கோவுக்குக் கிடையாது. எண்ணிக்கையால் அல்ல, காதால் கேட்டு உள்வாங்கித்தான் வாசித்தார். கேட்பவருக்கு வெயில் எறிப்பது போல் இலகுவாக இருக்கிறது.

இந்தியாவைச் சொன்னதால் ஒரு சின்னக் கதை. 1968 பெப்ரவரியில் நால்வரும் தியானம் பயில ரிஷிகேசத்துக்குப் போனார்கள். சிறுவயது நோயால் வயிறு கெட்டிருந்த றிங்கோ, அங்குள்ள சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பெட்டி நிறையத் தகரத்தில் அடைத்த அவரையைக் கொண்டு போனார். ஏறத்தாழப் பத்து நாட்களில் திரும்பியும் வந்துவிட்டார். விமான நிலையத்தில் மிளகாய்த்தூள் பொதியோடு இறங்கிய எங்களில் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்வதுதான் முறை. றிங்கோவின் காலத்திலேயே கைவித்தையில் அவரை விஞ்சியவர்கள் இருந்தார்கள். ஜிஞ்சர் பேக்கரின் ஜாஸ் பயிற்சி, கீத் மூனின் வெறி, ஜோன் பொனமின் பலம் இவை எதுவும் அவரிடம் இல்லை. முறையான பயிற்சி அவருக்குக் கிடையாது. நீண்ட தனி வாசிப்பு அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. பீற்றில்ஸ் இசைத்தட்டுகள் அத்தனையிலும் அவர் தனியாக வாசித்தது ஒரே ஒரு தடவை. 1969இல் வந்த ‘தி எண்ட்’ என்ற பாடலில், அதுவும் மற்றவர்கள் வற்புறுத்தியதால், சில விநாடிகள். வேகத்தையும் வித்தையையும் மட்டும் அளவுகோலாக வைத்தால் அவர் முதல் வரிசையில் வர மாட்டார். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கீத் மூனை பீற்றில்ஸ் பாடல்களுக்குப் பின்னால் இருத்திப் பாருங்கள். பாட்டு கேட்காது, மேளம்தான் கேட்கும். அந்தக் கீத் மூனே றிங்கோவின் நெருங்கிய நண்பர். றிங்கோவின் மகன் ஸாக்குக்கு ட்றம் செற் பரிசளித்தவரும் அவர்தான். அந்த மகன் 1996இலிருந்து பல ஆண்டுகள் மூனின் பழைய குழுவான ‘த ஹூ’வுக்கு மேளம் அடித்தார். பெரிய வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் மதித்துக்கொண்டார்கள். தராசு பிடித்தவர்கள் வெளியே நின்றவர்கள்தான்.

ஒருவரின் பெறுமதியை அறிய ஒரு வழி, அவர் இல்லாத நாளைப் பார்ப்பது. றிங்கோ இல்லாத நாட்கள் இரண்டு தடவை வந்தன.

1964 யூனில் அவர் தொண்டை அழற்சியால் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். உலகச் சுற்றுப்பயணத்தை நிறுத்த முடியாது என்று ஜிமி நிக்கல் என்பவரைச் சில நாட்களுக்கு அமர்த்தினார்கள். றிங்கோ இல்லாமல் போவதென்றால் தாமும் வரவில்லை என்று ஜோர்ஜ் ஹரிசன் முரண்டு பிடித்தார். மேளம் அடிக்க ஆள் கிடைத்தது. றிங்கோவின் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதை அந்த இருபத்தொரு வயது இளைஞர் அப்போதே விளங்கியிருந்தார்.

1968 ஓகஸ்டில் றிங்கோ தாமாகவே விலகிப் போனார். ஒலிப்பதிவுக் கூடத்தில் சச்சரவு. தாம் நன்றாக வாசிக்கவில்லை என்றும், மற்ற மூவரும் நெருக்கமாக இருக்கத் தாம் மட்டும் வெளியாள் என்றும் அவருக்குப் பட்டது. லெனனிடம் போய்ச் சொன்னார். “நீங்கள் மூவரும்தான் நெருக்கம், நான்தான் வெளியாள் என்று நினைத்திருந்தேன்” என்ற கருத்தில் லெனன் பதில் சொன்னார். மக்கார்ட்னியிடம் போனார். அவரும் அதையே சொன்னார். மூன்றாமவரிடம் போகவே இல்லை. குடும்பத்தோடு சார்டினியாத் தீவுக்குப் போய்விட்டார். அங்கே படகுத் தலைவர் ஒருவர், சாக்குக்கணவாய் கடலடியில் கல்லும் மினுங்கும் பொருளும் பொறுக்கித் தன் பொந்துக்கு முன்னால் அடுக்கும் கதையைச் சொல்ல, அதை வைத்து ஒரு பாட்டு எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அந்தப் பாட்டையும் இங்குள்ள பிள்ளைகள் பாடுகிறார்கள்.

அவர் இல்லாத நாட்களில் மக்கார்ட்னி மேளம் அடித்து இரண்டு பாடல்கள் பதிவாகின. அவை கெட்ட பாடல்கள் அல்ல. எனவே மேளம் நிரப்பப்பட்டது. ஆனால் குழு தாங்கவில்லை. திரும்பி வா என்று தந்தி அடித்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அவர் திரும்பி வந்தபோது, அவருடைய ட்றம் செற் முழுவதும் பூக்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. பகிடி சொல்பவர்கள் இந்தப் பூக்களைச் சொல்வதில்லை.

2021இல் பீற்றர் ஜக்சன் வெளியிட்ட ஏறத்தாழ எட்டு மணிநேர ஆவணப்படம், 1969 ஜனவரியில் அக்குழு வேலை செய்த விதத்தைக் காட்டுகிறது. ஒருவர் பிந்தி வருகிறார். ஒருவர் கோபித்துக்கொண்டு போகிறார். இருவர் வாதாடுகிறார்கள். றிங்கோ தம் இடத்தில் இருக்கிறார். பாட்டு அரைகுறையாக உருவாகத் தொடங்கும் அதே கணத்தில், யாரும் சொல்லாமலே சரியான அடி அவரிடமிருந்து வருகிறது. அவர் மௌனமாகக் காத்திருந்த நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் என்பது அப்போது விளங்கும்.

அப்படியானால் ஏன் இந்தக் குறைந்த மதிப்பு? எமக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

ஒன்று, பாட்டின் உரிமை. சட்டத்தின் கண்ணில் பாட்டு என்பது சொல்லும் மெட்டும்தான். மேள அடி எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதை உருவாக்கியவருக்குப் பாடலாசிரியர் என்ற பெயர் கிடையாது, அந்தப் பணமும் கிடையாது. பெயர் இல்லாத உழைப்பை உலகம் எளிதில் மறக்கிறது.

இரண்டு, அவர் தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிரித்தார், பகிடி விட்டார், திரைப்படங்களில் கோமாளியாக வந்தார். சிரிக்க வைப்பவனுக்கு ஆழம் இல்லை என்று உலகம் நினைத்துக்கொள்ளும்.

மூன்று, ஒருமுறை விழுந்த பெயர். கேட்டுப் பார்க்காமலே சொல்லப்பட்டு, சொல்லப்பட்டதாலேயே உண்மையாகிவிட்ட பெயர்.

மரியாதைகளும் பிந்தியே வந்தன. மக்கார்ட்னிக்கு 1997இல் ‘சேர்’ பட்டம் கிடைத்தது, றிங்கோவுக்கு 2018இல். அமெரிக்காவின் றொக் இசை மதிப்பகத்தில் தனிக் கலைஞராக லெனன் 1994இலும், மக்கார்ட்னி 1999இலும், ஹரிசன் 2004இலும் சேர்க்கப்பட்டார்கள். றிங்கோ 2015இல், நால்வரில் கடைசியாக.

இத்தனைக்கும் அவர் செல்வாக்கு சின்னதல்ல. 1964 பெப்ரவரி 9ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீற்றில்ஸ் தோன்றியதை ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். அவர் அடித்த கம்பனி ட்றம் செற்றுகள் அதன்பின் செய்து முடிக்க முடியாத அளவுக்கு விற்பனையாகின. பழைய வாத்தியக்காரர்கள் இராணுவ அணிவகுப்பு முறையில் இடக்கைத் தடியைச் சாய்த்துப் பிடிப்பார்கள். றிங்கோ இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் பிடித்தார். அவரைப் பார்த்து ஒரு தலைமுறை இளைஞர்கள் அப்படியே பிடித்தார்கள். இன்று உங்கள் பிள்ளை பாடசாலையில் ட்றம் பழகினால், பெரும்பாலும் அந்தப் பிடியில்தான் தொடங்கும்.

ஆகவே எமது தீர்ப்பு இது. றிங்கோ ஸ்ரார் உலகின் தலைசிறந்த கைவித்தைக்காரர் அல்ல; அப்படி அவர் ஒருநாளும் உரிமை கோரவும் இல்லை. ஆனால் பாட்டுக்கு வாசிப்பது என்ற வேலையில் அவருக்கு மேல் என்று சொல்ல எமக்கு ஒருவர் பெயரும் வரவில்லை. தொழில் தெரிந்தவர்கள் அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை. குறைத்து மதிப்பிட்டவர்கள் பகிடியைக் கேட்டவர்கள், மேளத்தைக் கேட்கவில்லை.

இதில் எமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். புதிய நாட்டில் நாம் முதலில் கற்பது இங்குள்ளவர்களின் சிரிப்பைத்தான். எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். எவர் கெட்டிக்காரர், எவர் உதவாதவர், எந்த ஊரார் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் பகிடியாகத்தான் எங்கள் காதில் விழுகின்றன. எங்களைப் பற்றியும் அப்படிப் பகிடிகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒரு பகிடியைத் திருப்பிச் சொல்வதற்கு முன், அது யாரைப் பற்றியதோ அவர் செய்த வேலையை ஒரு பத்து நிமிடம் கேட்டுப் பார்ப்பது கடினமான காரியம் அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலை வாத்தியக் குழுவில் உங்கள் பிள்ளை வயலினோ பியானோவோ கேட்காமல் ட்றம் கேட்டால், “பின்னால் இருந்து தட்டுகிற வேலைதானே” என்று முகம் சுளிக்காதீர்கள். அயலவர் சத்தத்துக்குப் பயமென்றால், ஒலி அடக்கும் இறப்பர்த் தட்டு மலிவாகவே கிடைக்கிறது. பயிற்சிக்கு அது போதும். அடுத்த முறை பிள்ளை மஞ்சள் நீர்மூழ்கிப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தால், “இதைப் பாடியவர்தான் மேளமும் அடித்தவர்” என்று சொல்லி, ‘றெயின்’ பாடலையும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பிள்ளையின் கால் எப்போது தாளம் போடத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.